குதிரில் எத்தனை

சோக்கேபாத்தாவில் பதினேழு வீடு.
கடைசி வீட்டுக்கு நான் ஏறிச் சேர்வதற்குள்
பேனாவில் மை உறைந்துவிட்டது.
பசீலியா கோரிமான்யா அதைப் பிடுங்கி
அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.
இளகட்டும். நீ கேள், என்றாள்.

வீட்டில் எத்தனை பேர்?

நான்.
தங்கம் அரிக்கக் காட்டுக்குப் போன தம்பி ஃபெர்மின்,
வந்தால் வருவான்.
அவுசங்காத்தே, என்று பனிமலையை மோவாயால் காட்டினாள்,
இந்த மாதத்தில் அவர் அதிகம் பேசமாட்டார்.
பதினோரு அல்பகா.
அப்புறம் மேலே ஒருத்தி, குட்டியோடு.

பரண் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தேன்.
கூரைத் தகரம்தான் இருந்தது, அதில் ஓர் ஓட்டை.

ஒன்று என்று எழுதினேன். அடித்தேன்.
இரண்டு என்று எழுதினேன்.

எட்டாம் கேள்வி: மதம்.
கத்தோலிக்கம் என்று போடு, பாதிரியார் வருத்தப்படுவார்.
மீதியை ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்.

ராத்திரி என்றால் விடியற்காலை மூன்று மணி, ஜூன் மாதம்.
ஊரே மேட்டில் நின்றது, நாய்கள் உட்பட.
தலைக்கு மேலே கரை தெரியாத ஆறு ஒன்று ஓடியது.
அவர்கள் அதில் நட்சத்திரங்களைப் பார்க்கவில்லை.
நட்சத்திரங்கள் இல்லாத இடங்களைப் பார்த்தார்கள்.
அந்தக் கறுப்புதான் உடம்பு:
கழுத்து நீண்ட லாமா,
வயிற்றடியில் மடி தேடும் குட்டி,
பின்னால் ஒரு நரி, எந்நாளும் ஒரே தாவல் தூரத்தில்.
லாமாவின் கண் இரண்டு மட்டும் வெளிச்சம்.

தலையை மேற்கே தாழ்த்திக்கொண்டிருந்தாள்.
கடலைக் குடிக்கப் போகிறாள், என்றாள் பசீலியா.
ஒரு நாள் குடிக்காவிட்டால் போதும்,
நீ, நான், உன் படிவம், எல்லாம் தண்ணீருக்கடியில்.
பால் கணக்குச் சொல்கிற குரலில் சொன்னாள்.

நான் கல்யாவோ துறைமுகத்துக்காரன்.
கடல் ஏன் நிரம்பி வழிவதில்லை என்று
முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு தடவையும் கேட்டதில்லை.

மலைக்குப் பின்னே ஒரு கண் அவிந்தது. பிறகு மற்றது.
அதே மூச்சில் கிழக்கே குதிர் ஏறியது.
இவர்கள் அதைக் குதிர் என்கிறார்கள்,
கைதவறிச் சிந்திய தானியம் போல ஒரு சின்னக் கொத்து.

இங்கேதான் சண்டை.
பளிச்சென்று தெரிந்தால் மழை நேரத்துக்கு வரும்,
கிழங்கை அக்டோபரில் ஊன்றலாம்.
மங்கினால் ஒரு மாதம் வயிற்றைக் கட்டவேண்டும்.

பத்து! என்றான் எலெயுதேரியோ,
விதைக்கிழங்கை வட்டிக்கு வாங்கி அடுக்கியிருப்பவன்.
எண்ணுவது உன் கடன், கண் இல்லை, என்றாள் தொரிபியா.
ஐந்து என்றது இருட்டில் ஒரு குரல்.
ஐந்தும் இல்லை என்றது இன்னொன்று.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.
எண்ணத்தானே உனக்குச் சம்பளம்?

கண்ணாடியைத் துடைத்தேன்.
மூச்சுப் பட்டுப் பனி பூத்தது. மறுபடி துடைத்தேன்.
எத்தனையோ கோழி, எத்தனையோ கழிப்பறை,
எத்தனையோ விதவைகளை எண்ணியிருக்கிறேன்.
இப்படிக் கைநடுங்க எதையும் எண்ணியதில்லை.

ஆறு, என்றேன்.
அதிலும் ஒன்று,
இருக்கிறது என்று சத்தியம் செய்யமாட்டேன்.

வெகுநேரம் யாரும் பேசவில்லை.
எலெயுதேரியோ காறித் துப்பினான்.
நவம்பர், என்றான், தன் வாயாலேயே.
பசீலியா மூன்று கொக்கா இலைகளை விசிறிபோல் விரித்து
மலையைப் பார்த்து ஊதினாள்.
நான்காவதாக ஒன்றை என் வாயில் திணித்தாள்.
கசந்தது.

அந்த வருடம் மழை எப்போது இறங்கியதோ, தெரியாது.
என்னை மேசைவேலைக்கு மாற்றிவிட்டார்கள்.
அந்த ஒரு படிவம் மட்டும் திரும்பி வந்தது,
ஓரத்தில் சிவப்பு மையில்: ஆட்கள் எண்ணிக்கை தெளிவில்லை.

கல்யாவோவில் ராத்திரி முழுக்கக் கிரேன் விளக்கு.
லாமாவும் இல்லை, நரியும் இல்லை.
வேலை முடிந்து அலைதடுப்புச் சுவரோரம் நடக்கிறேன்.
கல்லில் பாசி படிந்த கோடு,
தண்ணீர் அதே கோட்டில்.

யாரோ குடித்திருக்கிறார்கள்.